பாய்மரமும் பாத்தியதையும்: காலனியக் கால மாயாஜாலக் கதையில் மோதல் எங்கிருந்து வருகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல், கப்பல், வாள், மந்திரம் என்று கதை எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைச் சில ஆண்டுகளாகப் படித்துக் கருத்துச் சொல்லிவருகிறேன். பெரும்பாலும் உலகம் நன்றாகவே கட்டப்பட்டிருக்கும். வரைபடம் இருக்கும், ஒவ்வொரு கொடிக்கும் நிறம் குறிக்கப்பட்டிருக்கும், நாயகியின் வாளுக்குப் பெயர்கூட இருக்கும். நாற்பதாம் பக்கத்தில் இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வந்து நிற்கும். எதற்காக நிற்கின்றன என்பதுதான் எழுதியவருக்கே தெரியாது.

அதையொட்டி என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். விளக்க வசதியாக ஒரு சின்ன உதாரண உலகம் வேண்டும். காற்றைக் கயிற்றில் முடிந்து விற்கிறவர்கள் உண்டு என்று வட ஐரோப்பிய மாலுமிகளிடையே ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. கயிற்றில் மூன்று முடிச்சுகள். முதலாவதை அவிழ்த்தால் இளங்காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் பலத்த காற்று, மூன்றாவதை அவிழ்த்தால் புயல். அந்தக் கயிறு உண்மையிலேயே கிடைக்கிற ஓர் இடத்தை ‘ஊதைத் தீவு’ என்று வைத்துக்கொள்வோம். அதை முடிவது அங்குள்ள சில குடும்பத்துப் பெண்களுக்கு மட்டுமே தெரியும்.

இந்த மாதிரிக் கதை என்றால் கடற்கொள்ளையர் கதைதானே? அவர்கள் கொள்ளையடிப்பார்கள், மற்றவர்கள் துரத்துவார்கள். வேறென்ன மோதல் வேண்டும்?

துரத்தல் ஒரு காட்சி. அது மோதல் ஆகிவிடாது. இந்தக் காலத்துச் சண்டைகளைக் கிளறிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கிடக்கும்: இது யாருடைய பாத்தியதை? இந்தக் கடலில் போக, இந்தச் சரக்கை வாங்க, இந்தத் துறைமுகத்தில் சுங்கம் பிரிக்க, இந்த மனிதனை வேலை வாங்க யாருக்கு உரிமை? உரிமை இருக்கிறது என்று சொல்கிறவர் கையில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கும். எதிரே நிற்பவர் கையில் வேறொரு காகிதம் இருக்கும், அல்லது காகிதமே இல்லாத, பல தலைமுறைப் பழக்கம் இருக்கும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலில் ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சீட்டை வாங்காத வணிகக் கப்பல் பறிமுதல். அதுவரை எந்தச் சீட்டும் இல்லாமல் அந்தக் கடலில் போய்வந்துகொண்டிருந்த வணிகர்கள் ஒரே நாளில் சட்டவிரோதிகள் ஆனார்கள். அப்படி ஒரு வணிகரின் கப்பலில் உங்கள் கதையைத் தொடங்கிப் பாருங்கள். சீட்டு வாங்கினால் ஊரில் மானம் போகும், வாங்காவிட்டால் சரக்கு போகும். முதல் பக்கத்திலேயே கதை நகரத் தொடங்கிவிடும்.

சரி, ஆனால் கெட்டவன் என்று ஒருவன் வேண்டாமா? நான் ஒரு கொடுங்கோல் கவர்னரை வைத்திருக்கிறேன்.

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவனைக் கொன்றுவிட்டால் உங்கள் கதையின் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று மட்டும் யோசியுங்கள். தீரும் என்றால் மோதலை ஓர் ஆளின் குணத்தில் கட்டிவைத்திருக்கிறீர்கள் என்று பொருள். காலனியக் காலத்தின் பயங்கரமே அடுத்த கப்பலில் அடுத்த கவர்னர் வந்து இறங்குவதில்தான் இருந்தது.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு அதன் சாசனமே போர் தொடுக்கவும், உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும் அதிகாரம் கொடுத்தது. பங்கு வாங்கியவர்கள் ஆதாயத்துக்குக் காத்திருந்தார்கள். அன்று ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளில் 1621இல் அந்தக் கும்பெனி நடத்திய படுகொலையும் நாடுகடத்தலும் அந்த மக்களை ஏறக்குறைய இல்லாமலாக்கின. அதற்கு ஆணையிட்ட யான் பீட்டர்சோன் கூன் கொடியவர்தான். ஆனால் அவரைத் தூண்டிய கணக்கு அவரைவிடப் பெரியது: ஜாதிக்காய் வேறெங்கும் கிடைக்கக் கூடாது, வேறு யாருக்கும் விற்கப்படக் கூடாது. உங்கள் கவர்னருக்கும் மேலே இருந்து ஒரு கணக்கைக் கேட்கச் சொல்லுங்கள். அவன் கொடுமையோடு கொஞ்சம் பயமும் சேரும். பயந்த கொடியவன் ஒரு கதைக்கு எவ்வளவோ உதவுவான்.

மந்திரத்தால் என்ன மோதல் வரும்? என் உலகத்தில் எல்லோருக்கும் மந்திரம் தெரியும்.

அப்படியானால் வராது. எல்லோர் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் இருந்தால் வாய்க்கால் தகராறு ஏது?

மந்திரத்தையும் ஜாதிக்காய் போலவே நடத்துங்கள். எங்கே விளைகிறது, யாருக்குச் செய்யத் தெரியும், எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும், யார் வாங்குகிறார்கள்? ஊதைத் தீவின் கயிறு ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். உடனே அதைப் பதுக்கிவைக்க முடியாது. ஆண்டுதோறும் தீவுக்கு வந்தாக வேண்டும். முடிகிற பெண்களோடு நல்லுறவு வேண்டும், அல்லது அவர்களைச் சிறைபிடிக்க வேண்டும். கும்பெனி இரண்டையும் செய்து பார்க்கும்.

கிட்டங்கி வாசலில் ஒரு காட்சி. கணக்கப்பிள்ளை ஒருவன் ஒவ்வொரு கயிறாக விரலிடுக்கில் உருவி முடிச்சுகளை எண்ணுகிறான். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. இரண்டு முடிச்சுள்ள கயிற்றைத் தனியே எடுத்து வைக்கிறான். அவிழ்ந்த இடத்தில் நார் இன்னும் சுருண்டிருக்கிறது. ஒரு புயல் களவு போயிருக்கிறது. யாரோ ஒருத்தி இன்றிரவு விசாரிக்கப்படுவாள். மந்திரம் இங்கே எதையும் செய்யவில்லை, எண்ணப்பட மட்டுமே செய்தது. அதுவே போதுமான மோதல்.

எத்தனை வல்லரசுகள் வைக்கலாம்? நான் ஏழு வைத்திருக்கிறேன், எனக்கே மறந்துபோகிறது.

மூன்று போதும். இரண்டு இருந்தால் வெறும் பகை. மூன்றாவது வந்தால்தான் கூட்டணியும் துரோகமும் வரும். மீதி நான்கையும் வதந்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைவிட எல்லை முக்கியம். 1494இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கையில் கடலின் குறுக்கே ஒரு கோடு போட்டு உலகைப் பங்கிட்டுக்கொண்டன. நடுக்கடலில் தீர்க்கரேகையைத் துல்லியமாக அளக்க அப்போது வழியே இல்லை. எனவே கோடு உலகின் மறுபக்கத்தில் எங்கே போகிறது என்பது தெரியவில்லை. கிராம்பு விளைந்த மலுக்குத் தீவுகள் எங்கள் பக்கம்தான் என்று இருவருமே நேர்மையாக வாதாட முடிந்தது. 1529இல் பணம் கொடுத்துத்தான் அந்த வழக்கை ஒத்திப்போட்டார்கள். தீவில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? இரண்டு பக்கமும் தங்களை யோக்கியர் என்று நம்பக்கூடிய ஓர் எல்லை கிடைத்துவிட்டால் அதை விடாதீர்கள்.

கடற்கொள்ளையனுக்கும் கடற்படை வீரனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் கப்பலைத்தானே பிடிக்கிறார்கள்?

முதல் கேள்வியில் சொன்ன காகிதம்தான் வித்தியாசம். எதிரி நாட்டுக் கப்பலைப் பிடித்துக்கொள்ள அரசு தனியாருக்கு உரிமம் கொடுத்தது. உரிமம் இருந்தால் வீரன், இல்லாவிட்டால் தூக்கு. இந்த முறையை ஐரோப்பிய வல்லரசுகள் கைவிட ஒப்புக்கொண்டது 1856இல், பாரிஸ் பிரகடனத்தில்தான்.

வில்லியம் கிட் கதையைப் பாருங்கள். கொள்ளையரைப் பிடிக்கவும் பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றவும் இங்கிலாந்து அரசரின் உரிமத்தோடு புறப்பட்டவர். 1698இல் மலபார்க் கரைக்கு அப்பால் ஒரு பெரிய கப்பலைப் பிடித்தார். சரக்கு ஆர்மீனிய வணிகர்களுடையது, கப்பலை ஓட்டியவர் ஆங்கிலேயர், கையில் இருந்ததோ பிரெஞ்சு அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டுதான் கிட்டின் தற்காப்பு. லண்டனில் வழக்கு நடந்தபோது அது நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 1701இல் தூக்கிலிட்டார்கள். முதல் முறை கயிறு அறுந்து விழுந்தார், மறுபடியும் ஏற்றினார்கள். காணாமல் போன சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டன.

யார் பெயர் வைக்கிறார்கள் என்பதும் ஒன்று. மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் கொள்ளையர் என்றே எழுதினார்கள். அவரோ தன் கரையில் தன் சீட்டை விற்றார். போர்த்துக்கீசியர் செய்ததும் அதைத்தான்.

ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் வாசகர் குழம்பமாட்டாரா?

மாட்டார். உண்மையில் எதிரியோடு போடும் சண்டையைவிட இதுதான் சூடாக இருக்கும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கடற்படையோடு வந்து பிடித்த லாபூர்தோனே, பணம் வாங்கிக்கொண்டு நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுத்தார். புதுச்சேரியில் இருந்த கவர்னர் துய்ப்ளே, தரக் கூடாது என்றார். வாக்குக் கொடுக்கும் அதிகாரம் யாருடையது என்று இருவரும் மல்லுக்கு நிற்கும்போதே அக்டோபர் புயல் வந்து லாபூர்தோனேயின் கப்பல்களைச் சிதைத்தது. அவர் புறப்பட்டுப் போனதும் துய்ப்ளே அந்த வாக்கை ரத்து செய்தார். சென்னையைப் பிடித்துக் கொடுத்தவர் பாரிஸின் பஸ்தீல் சிறையில் போய் உட்கார்ந்தார். நகரமோ 1748இல் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவில் இருந்த லூயிபூர் கோட்டைக்கு ஈடாக, ஆங்கிலேயரிடமே திரும்பிப் போனது.

இதில் தூரம் செய்கிற வேலையைக் கவனியுங்கள். கடிதம் போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். அதுவும் பருவக்காற்று அனுமதித்தால். சமாதானம் ஆனது தெரியாமல் இங்கே போர் நடக்கும், பதவி பறிபோனது தெரியாமல் ஒருவர் ஆணையிட்டுக்கொண்டிருப்பார். உங்கள் உலகத்தில் நொடியில் பேசும் மாயக்கண்ணாடி இருந்தால் தயவுசெய்து அதை உடைத்துவிடுங்கள். அது கதைக்குள் வந்தாலே பாதி மோதல் செத்துவிடும்.

கடல் அரக்கன், சாபம், பேய்க்கப்பல் இதெல்லாம் மோதல் இல்லையா?

அரக்கனால் யாருக்காவது ஆதாயம் இருந்தால் மோதல். இல்லாவிட்டால் அது மோசமான வானிலை.

கப்பலுக்குள்ளேயே நடக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன். என் கதை முழுக்க ஒரே கப்பலில்தான்.

நல்ல இடம். தப்பி ஓட முடியாத இடத்தில் கூலிப் பாக்கி. கிட்டின் கப்பலில் ஆட்கள் சம்பளத்துக்கு வரவில்லை, கொள்ளையில் பங்குக்கு வந்தார்கள். மாதக்கணக்கில் எந்தக் கப்பலும் அகப்படவில்லை. 1697இல் அவருடைய பீரங்கிக்காரன் வில்லியம் மூரோடு வாய்த்தகராறு முற்றியது. கிட் இரும்புப் பட்டை போட்ட வாளியை எடுத்து அவன் தலையில் அடித்தார். மறுநாள் அவன் இறந்தான். லண்டன் வழக்கில் கொலைக் குற்றச்சாட்டாக வந்தது இதுதான். வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. கையில் கிடைத்தது வாளி.

கொள்ளையர் கப்பல்களில் எழுதப்பட்ட உடன்படிக்கை இருந்ததையும் பயன்படுத்துங்கள். பார்த்தலமியூ ராபர்ட்ஸின் கப்பலில் முக்கிய விவகாரங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, கப்பித்தானுக்கு இரண்டு பங்கு, உறுப்பு இழந்தவனுக்கு இழப்பீடு என்றெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வாக்கு இருக்கும் இடத்தில் கட்சி இருக்கும். ஊதைத் தீவுக் கயிறு ஒன்றே ஒன்று கப்பலில் மிஞ்சியிருக்கிறது, காற்று செத்துக் கிடக்கிறது, குடிநீர் பச்சை நிறமாகிவிட்டது என்றால் முதல் முடிச்சை அவிழ்க்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்திப் பாருங்கள்.

தீவில் ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? வழிகாட்டி, மருத்துவர் தவிர வேறு தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம், கதையைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கிறீர்கள். கரையில் இறங்கி நின்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே அரியணைப் போட்டி, நிலத் தகராறு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த பகை எல்லாம் இருக்கும். வந்து இறங்கும் அந்நியன் அவர்களுக்கு ஒரு கருவி. அவனை யார் பயன்படுத்திக்கொள்வது என்பதில்தான் போட்டி.

கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கீசியரை விரட்ட 1638இல் டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்தார். பிடிபடும் கோட்டைகளில் டச்சுப் படை இருப்பது ‘அரசர் விரும்பினால்’ என்ற சொற்கள் அரசரிடம் இருந்த பிரதியில் இருந்தன, டச்சுப் பிரதியில் இல்லை. 1656இல் கொழும்பு விழுந்தது. சாவி அரசர் கைக்கு வரவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் பழமொழியே உண்டு. ஒரே உடன்படிக்கை இரண்டு மொழிகளில் இரண்டு விதம். இதைவிடச் சுத்தமான மோதல் விதை எனக்குத் தெரியாது.

அந்த மொழிகளுக்கு நடுவே நிற்கிறவரை மறந்துவிடாதீர்கள். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் போரும் அரசியலும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பொறாமையும் பதவிப் போட்டியும் இருக்கிறது. இருபக்க ரகசியமும் தெரிந்தவர், இருபக்கமும் முழுதாக நம்பாதவர். என்னைக் கேட்டால் நாயகன் வேடத்துக்கு வாள்வீரனைவிட இவரே பொருத்தம்.

அந்த மக்களுக்கு மந்திரம் இருக்கிறது என்றால் எப்படித் தோற்றார்கள்? இது என் கதையில் பெரிய ஓட்டை.

ஆயுத பலத்தால் மட்டுமே எல்லாம் நடந்தது என்று நம்பினால்தான் இது ஓட்டை. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. சிறைபிடிபட்ட தளபதி டி லனோய் பிறகு அதே அரசருக்குப் படை பயிற்றினார். வெல்லவும் முடிந்தது, தோற்றவனை வேலைக்கு வைக்கவும் முடிந்தது.

மறுபக்கம் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கோழிக்கோடு சாமூதிரியின் கடற்தளபதிகள், தலைமுறைகளாகப் போர்த்துக்கீசியரை அலைக்கழித்தவர்கள். 1600இல் நான்காம் குஞ்ஞாலியை ஒடுக்கச் சாமூதிரியே போர்த்துக்கீசியரோடு கைகோத்தார். சரணடைந்த தளபதியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தன் அடியாள் தன்னைவிட உயரமாகிவிட்டான் என்று அரசருக்குத் தோன்றிய இடம் அது. உங்கள் முடிச்சுக்காரிகளும் அப்படித்தான் தோற்பார்கள். புயலை அவிழ்க்கத் தெரியாமல் அல்ல, தம் மேல் பயம் கொண்ட சொந்தத் தலைவனால்.

அடிமை வணிகத்தைத் தொடாமல் எழுதலாமா? சாகசக் கதை கனத்துப்போகுமே என்று பயம்.

தொடாமல் எழுதலாம். ஆனால் உங்கள் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டைகள் குவிந்திருந்தால், கரும்பை வெட்டியது யார் என்று வாசகர் கேட்பார். அட்லாண்டிக்கில் மட்டும் ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அடிமைகளை ஏற்றிப் போனார்கள். அந்தக் காலத்து செல்வத்தை வைத்துக்கொண்டு அதன் ஊற்றை மட்டும் மூடுவது எனக்கு உடன்பாடில்லை.

கனம் வேண்டாம் என்றால் தப்பியவர்களின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஜமைக்காவில் தப்பி மலைக்குள் ஊர் அமைத்த மரூன்கள் பிரிட்டிஷாரோடு ஆண்டுக்கணக்கில் போரிட்டு 1739இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சுதந்திரமும் நிலமும் கிடைத்தன. பதிலுக்கு, இனி தப்பி வருகிறவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த உடன்படிக்கைக்கு மறுவாரம் இரவில் மலையடிவாரத்தில் ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாகசமும் இருக்கிறது, கனமும் இருக்கிறது.

இவ்வளவு காகிதம் பேசுகிறீர்கள். வாள்சண்டை எப்போதுதான் வரும்?

காகிதம் தோற்கும்போது. கொள்ளையர்களே சண்டையை விரும்பியதில்லை. கறுப்புக் கொடி ஏற்றியதன் நோக்கம் எதிரே வருபவர் பயந்து சரணடைய வேண்டும் என்பது. பீரங்கி சுட்டால் சரக்கு நனையும், ஆள் சாவான், பிடித்த கப்பல் விலைபோகாது. ஆகவே யார் முதலில் வாளை உருவுகிறாரோ அவருக்கு வேறு வழி தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிமிடத்தை வாசகர் உணர்ந்தால் மூன்று வீச்சு போதும்.

மோதலை எப்படி முடிப்பது? கடைசியில் ஒரு பெரிய போர் வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. மன்னிப்பு வையுங்கள், அது போரைவிட அதிகம் குழப்பும். 1717இல் பிரிட்டிஷ் அரசர் கொள்ளையர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். 1718 செப்டம்பர் 5க்குள் சரணடைந்தால் பழைய குற்றங்கள் மன்னிக்கப்படும். கொள்ளையர்களின் தளமாக இருந்த, பஹாமாஸ் தீவுகளின் நசாவுத் துறைமுகத்தில் அந்த அறிவிப்பு நண்பர்களைப் பிரித்தது. பெஞ்சமின் ஹார்னிகோல்ட் மன்னிப்பை ஏற்று, பழைய கூட்டாளிகளையே வேட்டையாடப் புறப்பட்டார். மன்னிப்பை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி கொள்ளைக்குப் போனவர்களும் உண்டு.

பேரம் பேசி ஜெயித்தவர்களும் உண்டு. தென்சீனக் கடலில் பெரும் கொள்ளைப்படையை நடத்திய செங் யீ சாவ் 1810இல் அரசோடு பேசிச் சரணடைந்தார். உயிர் மட்டுமல்ல, செல்வமும் அவரிடமே தங்கியது.

உங்கள் ஊதைத் தீவுக் கதையில் அந்த மூன்றாம் முடிச்சை அவிழ்த்தது யார்? மூன்றாவது பதிலைப் படித்ததிலிருந்து மண்டையைக் குடைகிறது.

இதைக் கேட்காதவர்களே இல்லை. பலர் முடிச்சுக்காரிகளில் ஒருத்தி என்கிறார்கள், சிலர் கப்பித்தான் என்கிறார்கள்.

என் கணக்கில், எண்ணிக்கொண்டிருந்த அந்தக் கணக்கப்பிள்ளைதான். முந்தின இரவே அவிழ்த்துவிட்டான். கும்பெனியின் கடிதம் ஏற்றிய கப்பல் ஒன்று நான்கு நாள் தொலைவில் வந்துகொண்டிருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தீவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். காலையில் வாசலில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாக எண்ணினான்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு.